பென்சில் மொத்தத்தில் ஒரு வேர்

கவ்வாத்துக்கு முன்னால் வேரைப் பார் என்று எனக்கு முதலில் சொன்னது துரையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு கங்காணி. 1978 இல் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இளைய கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அடுத்த கிழமை கவ்வாத்து வெட்டவேண்டிய மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு செடியின் தூரடியில் குந்தி, முள்ளால் மண்ணைக் கிளறி, பென்சில் மொத்தத்தில் ஒரு வேரைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்தார். சாரத்தில் மண்ணைத் துடைத்தார். குறுக்கே நறுக்கிய முகத்தை நகத்தால் கீறி என் முன்னால் நீட்டினார்.

"மாவு இருக்கா பாருங்க ஐயா. மாவு இல்லாத செடிய வெட்டினா அது எந்திரிக்காது."

அவருக்கு என் அப்பாவின் வயது. என்னை ஐயா என்பது தோட்டத்து வழக்கம். நான் பார்த்தேன். எனக்கு வேர்தான் தெரிந்தது, மாவு தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் நான். காழ், உரியம், ஆவியுயிர்ப்பு எல்லாம் மனப்பாடம். காழ் வழியே நீர் மேலே போகும், உரியம் வழியே இலை சமைத்த உணவு கீழே இறங்கும் என்று படம் கீறி அம்புக்குறி போட்டுப் பத்துக்கு எட்டு வாங்கியவன். அந்த அம்புக்குறி ஒரு மலையையே பிழைக்க வைக்கும், இல்லாவிட்டால் சாகடிக்கும் என்பது தெரிய இன்னும் மூன்று வருஷம் போயிற்று.

கங்காணி நகத்தால் செய்ததை ஆராய்ச்சிக்காரர்கள் அயடினால் செய்தார்கள். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கியது. தலைமை தலவாக்கலையில், கண்டிப் பகுதிக்கு ஹந்தானையில் ஒரு கிளை. அங்கே பயிற்சிக்குப் போனபோது அந்தச் சோதனையைக் கண்ணால் கண்டேன். எனாமல் தட்டில் பழுப்பு நிறத் திரவம். வெவ்வேறு செடிகளில் இருந்து எடுத்த வேர்த் துண்டுகளை நறுக்கி அதில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சில துண்டுகளின் வெட்டு முகம் மைபோலக் கறுத்தது. நடுவில் இருந்து சக்கரத்து ஆரம்போலக் கோடு கோடாகக் கறுத்து, பிறகு முழு வட்டமும் நிறைந்தது. வேறு சில துண்டுகள் தேத்தண்ணி பட்ட துணிபோல மஞ்சளாகவே கிடந்தன. கறுத்ததை வெட்டலாம். மஞ்சளாகக் கிடக்கும் மலையில் கொழுந்து பறிப்பதை நிறுத்தி, ஆறு கிழமையாவது செடியைச் சும்மா விட்டு, இலை சமைத்து வேருக்கு இறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் கவ்வாத்து முடிந்த மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பச்சை என்று ஒன்று இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கறுத்த குச்சிகள், அவ்வளவுதான். இலை இல்லாத செடிக்கு அடுப்பு இல்லை. வெட்டிய கட்டையில் இருந்து புதுத் துளிர் விட்டு, அந்தத் துளிர் விரிந்து தன் சோற்றைத் தானே சமைக்கும் மட்டும் இரண்டு மூன்று மாதம் செடி உயிர் வாழ்வது வேரில் கிடக்கும் மாச்சத்தைக் கரைத்துத்தான். மாதக் கடைசியில் லயத்து வீட்டு அரிசி டின்னைச் சுரண்டுகிற மாதிரி. டின் வெறுமையாக இருக்கும்போது அடுப்பையும் உடைத்துவிட்டால் என்ன ஆகும்?

அப்படி உடைத்தோம். எந்தத் தோட்டம், யார் துரை என்பது இங்கே வேண்டாம். அந்த வருஷம் கொழுந்துக் கணக்கு குறைவு. கவ்வாத்துக்குக் குறித்த மலையில் கடைசி நாள்வரை பறித்தோம். வேரை எடுத்துப் பார்த்தேன், பத்தில் ஏழு மஞ்சள். சின்னதுரையிடம் சொன்னேன். "கொழுந்தை விட்டுவிட்டு ஆறு கிழமை மலையை வேடிக்கை பார்க்கச் சொல்கிறாயா?" என்றார். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பெரிய துரையிடம் போயிருக்கலாம். சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. புத்தகத்தில் "வேர் திருப்தி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மூன்று மாதம் கழித்து மலையில் மூன்றில் ஒரு செடி துளிர்க்கவில்லை. துளிர்த்ததிலும் பாதி, இரண்டு இலை காட்டிவிட்டு அப்படியே காய்ந்தது. கங்காணி ஒரு செத்த செடியைப் பிடுங்கி என் காலடியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த "வேர் திருப்தி" என்ற எழுத்து என்னுடைய கையெழுத்தில் அந்தப் புத்தகத்தில் இன்னும் இருக்கும், கறையான் தின்னாதிருந்தால்.

அதற்குப் பிறகு நான் இலை ஒன்றும் விடாத சுத்தக் கவ்வாத்து என்றால் யோசிப்பேன். சந்தேகமான மலையில் செடிக்கு ஒன்றிரண்டு கொப்பை இலையோடு விட்டு வெட்டச் சொல்வேன். லங் கொப்பு என்போம், செடி மூச்சு விடட்டும் என்று. உண்மையில் அது மூச்சுக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு கொப்பு வேருக்குச் சோறு அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றக் கட்டைகள் துளிர்த்து எழுந்ததும் அதையும் வெட்டிவிடலாம். நல்ல கவ்வாத்துக்காரர் எந்தக் கொப்பை விடுவது என்று செடியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தே சொல்லிவிடுவார். அதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்பு எதையும் நான் கண்டதில்லை.

தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியது 1983. அந்த வருஷத்து ஜூலைக் கலவரத்தைப் பற்றி எழுத நான் இங்கே வரவில்லை. அதற்கு முந்திய மாதங்களின் வெயிலைச் சொல்கிறேன். கண்டிச் சீமையில் அப்படி ஒரு காய்ச்சலை நான் அதற்கு முன் கண்டதில்லை. நாடு முழுக்கத் தேயிலை அந்த ஆண்டு 17.9 கோடி கிலோவுக்கு இறங்கியது.

எங்கள் தோட்டத்தில் இரண்டு வகைத் தேயிலை. மேலே விதையில் முளைத்த கிழட்டுத் தேயிலை, வெள்ளைக்காரன் காலத்தது. கீழே புதிதாகக் குச்சி வைத்து வளர்த்த தேயிலை, பெரும்பாலும் டீ.ஆர்.ஐ. 2025. அது ஆண்டு இல்லை, செடியின் நம்பர். புதுத் தேயிலை ஏக்கருக்கு இரண்டு மடங்கு கொழுந்து தரும், துரைமாருக்கு அதன்மேல்தான் உயிர். ஆனால் விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, குச்சித் தேயிலைக்கு அது இல்லை. மேல் மண்ணில் கூடைபோல வேர் விரிக்கும். மழை உள்ள வருஷம் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. 1983 மார்ச்சில் மேட்டில் நின்று பார்த்தால் கோடு கிழித்த மாதிரித் தெரிந்தது. மேலே கரும்பச்சை, கீழே செம்பு நிறம்.

அந்தக் காய்ச்சலில்தான் பறிக்கும் பெண்களிடம் இருந்து ஒன்றைக் கற்றேன். விடியற்காலையில் கொழுந்தை ஒடித்தால் "டக்" என்று சத்தம் வரும். பதினொரு மணிக்கு அதே செடியில் கொழுந்து ஒடியாது, மடங்கும், கையில் நார் வரும். காலையில் செடி நிறையத் தண்ணீர், உச்சி வெயிலில் இலை விடுகிற வேகத்துக்கு வேர் கொடுக்க முடியவில்லை. சாயங்காலம் மறுபடி நிமிர்ந்துவிடும். "ராத்திரி தண்ணி குடிக்குதுங்க ஐயா" என்பார்கள். நான் காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் கலைந்ததும் நேரே மலைக்குப் போய் நாலு இடத்தில் கொழுந்தை ஒடித்துக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காலையிலும் சத்தம் வராத நாள் வந்தபோது பறிப்பை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு முறை எழுதினேன்.

தண்ணீரை வேர் மேலே தள்ளுகிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கொஞ்சம் தள்ளத்தான் செய்கிறது. மழைக்கால விடியலில் ஆற்றோரச் சேம்பு இலையின் நுனியில் முத்துப்போலத் தொங்கும் துளி பனி இல்லை, இரவில் வேர் தள்ளிய தண்ணீர். ஆனால் அந்தத் தள்ளலை வைத்துப் பேராதனைப் பூங்காவின் உயர்ந்த மரங்களின் உச்சிக்கு ஒரு கோப்பைத் தண்ணீரும் போகாது. இலைதான் இழுக்கிறது. இலைவாய் வழியே ஒரு துளி ஆவியாகப் போனால், அதன் பின்னால் கோத்து நிற்கும் தண்ணீர் இழை அப்படியே ஒரு துளி மேலே ஏறும். இலையில் இருந்து வேர் நுனி மட்டும் அறுபடாத ஒரே இழை. டிக்சன், ஜோலி என்ற இரண்டு அயர்லாந்துக்காரர்கள் 1894 இல் சொன்ன விளக்கம் இது. கிணற்றுக் கயிறுபோலத் தண்ணீரே கயிறாகவும் இருக்கிறது. காய்ச்சலில் மண் தண்ணீரை விட மறுக்கும், மேலே வெயில் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் கயிறு விறைத்து விறைத்து ஒரு கட்டத்தில் உள்ளே காற்றுக் குமிழி விழுந்து அறுந்துவிடும். அறுந்த குழாயில் பிறகு தண்ணீர் ஏறுவது கடினம். நல்ல மழை பெய்தபிறகும் சில கொப்புகள் காய்ந்துகொண்டே போனதற்குக் காரணம் அதுதான் என்று பின்னால் விளங்கியது. அன்றைக்கு நாங்கள் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்தோம்.

அந்தக் கயிறு அறுபடும் இடத்தை நான் கிட்டத்தில் பார்த்தது தவறணையில். குடிக்கிற தவறணை இல்லை. தோட்டத்தில் கன்று மேடைக்கும் அதே சொல்தான், புதிதாக வந்த ஒரு சின்னதுரை "ஐயா தவறணையில்" என்று கேட்டுவிட்டு என்மேல் பாய்ந்த கதை தனி. குச்சி வைக்கும் வேலை ரொம்ப நுணுக்கம். நல்ல தாய்ச்செடியின் இளங்கொப்பை விடியற்காலையில் வெட்டி, அந்த இடத்திலேயே வாளித் தண்ணீரில் போட வேண்டும். பிறகு நிழலில் உட்கார்ந்து ஒரு இலை, அந்த இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே விரல் நீளத்துக்கும் குறைவாக ஒரு தண்டு என்று துண்டு துண்டாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் நட வேண்டும். கத்தி சவரக்கத்திபோல இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய குழாய் தண்ணீர் எடுக்காது. குச்சிக்கு வேர் இல்லை என்பதை மறக்கக் கூடாது. வேர் வரும்வரை அந்த வெட்டு முகம் ஒன்றுதான் அதன் வாய். ஆனால் இலை மட்டும் வழக்கம்போலத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவேதான் தென்னோலையோ பன்னமோ போட்டு நிழல், மேலே பொலித்தீன் கூடாரம், உள்ளே எப்போதும் புழுக்கம். காற்றே ஈரமாக இருந்தால் இலை அதிகம் விடாது.

ஒரு தடவை வேறு தோட்டத்தில் இருந்து நல்ல கொப்பு கொண்டுவர லொறியோடு போனேன். திரும்பும்போது கண்டி நகருக்குள் ஊர்வலம் ஒன்றால் பாதை மூடி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். சாக்கை நனைத்து மூடியிருந்தேன், அது காய்ந்தது எனக்குத் தெரியவில்லை. கொண்டுவந்து இறக்கியபோது இலைகள் கையில் துணிபோலத் துவண்டன. தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வைத்தோம், பெரும்பாலானவை நிமிர்ந்தன. சந்தோஷத்தில் நட்டுவிட்டோம். ஒரு மாதத்தில் அரைவாசிக்கு மேல் இலை உதிர்த்துச் செத்தன. தவறணையில் வேலை செய்த அக்கா ஒருவர் அதன் பிறகு எனக்கு ஒரு வித்தை காட்டினார். துவண்ட கொப்பின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தண்ணீருக்குள்ளேயே இன்னொரு தரம் நறுக்க வேண்டும். காற்று ஏறிய நுனி போய்விடும், புது வாயில் தண்ணீர் மட்டும் ஏறும். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது தலதா மாளிகை வாசலில் பூ விற்கும் அவருடைய சகோதரி.

இப்போது மரத்தின் கழுத்தை அறுத்த கதை. தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவில்லியாவை நாங்கள் சவுக்கு என்போம். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடும் மலையில் நிழல் மரங்களையும் எடுக்க வேண்டும். ஆனால் உடனே வெட்டக் கூடாது. அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்து, வழுவழுப்புப் போக உள்ளே சுரண்டி, ஒரு வருஷம் அளவுக்கு நிற்க விட வேண்டும். நான் இதை முதலில் செய்யச் சொன்னபோது வேலைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "கழுத்த அறுத்துட்டு ஒரு வருஷம் உசிரோட வைக்கிறீங்களே, இது பாவம் இல்லீங்களா?"

மரம் முதலில் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். பச்சை இலை, பூகூட வரும். தண்ணீர் கட்டையின் உள்ளே ஏறுகிறது, பட்டையில் அதற்கு வேலை இல்லை. ஆனால் மேலே சமைத்த சோறு பட்டை வழியே இறங்கி வந்து, உரித்த இடத்தில் நின்றுவிடும். கொஞ்ச நாளில் வெட்டுக்கு மேல் விளிம்பு உதடுபோலத் தடிக்கும், கீழ் விளிம்பு ஒட்டிக் காயும். மால்பீகி என்ற இத்தாலிக்காரர் முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்தத் தடிப்பைப் பார்த்துத்தான் கீழே இறங்கும் பாதை பட்டையில் இருக்கிறது என்று சொன்னாராம். கீழே வேர் பட்டினி. இருக்கும் மாவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, தண்ணீர் கொடுக்க முடியாமல் சாகும், அதன் பின்னால் மரமும் சாகும்.

நமக்கு வேண்டியது அந்தப் பட்டினிதான். மாவு நிறைந்த வேரோடு மரத்தை வெட்டினால், அந்த வேரைத் தின்று வளரும் பூஞ்சணம் பக்கத்துத் தேயிலைக்குத் தாவும். சிவப்பு வேர் நோய், கட்டை கரியாகும் நோய் என்று எங்களுக்குத் தெரிந்த பேய்கள் எல்லாம் அப்படி வருபவை. மாவு இல்லாத வேரில் அதற்குச் சாப்பாடு இல்லை. உரித்த இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சின்னத் துளிரே வேருக்கு ஊட்டத் தொடங்கிவிடும். இதை மறந்துவிட்ட மலையில் இரண்டு வருஷத்துக்குப் பின் புதுக் கன்று வட்டம் வட்டமாகச் செத்ததை நானே எண்ணியிருக்கிறேன். வட்டத்தின் நடுவில் எப்போதும் ஒரு பழைய சவுக்குக் கட்டை.

இந்த வித்தையில் மிதப்பு ஏறி, எல்லைப் பக்கம் நின்ற ஒரு கித்துள் மரத்தையும் அப்படிச் சுற்றி உரித்துவிடச் சொன்னேன். பக்கத்துச் சிங்களக் கிராமத்து முதியவர் ஒருவர், கித்துள் சீவுபவர், பாதையில் நின்று பார்த்துச் சிரித்தார். "மாத்தயா, இதுக்குக் கழுத்தே இல்லை" என்றார் சிங்களத்தில். கித்துள், தென்னை, கமுகு எல்லாம் பனை இனம். அவற்றுக்கு மரப்பட்டை என்று தனியாக ஒன்று இல்லை. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் சேர்ந்து கட்டிய நார்க் கட்டுகள் உள்ளே முழுக்கச் சிதறிக் கிடக்கும். சுற்றிச் செதுக்கினால் நாலு கட்டுப் போகும், நானூறு மிச்சம் இருக்கும். அந்த மரம் என் ஓய்வுக்குப் பின்னும் நின்றது. அதைவிட ஒன்று உண்டு: சவுக்கு வருஷா வருஷம் புதுக் குழாய் கட்டிக்கொள்ளும், பனை இனம் அப்படி இல்லை, அது எழுந்தபோது கட்டிய குழாய்தான் கடைசி மட்டும் உழைக்கும்.

அந்த முதியவரோடு பழக்கமாகி, அவர் சீவுவதைப் பல நாள் பார்த்தேன். பூப்பாளை விரியுமுன்னே அதற்குள் ஒரு பச்சிலை மருந்து வைப்பார், என்ன சேர்க்கிறார் என்று சொல்லவே மாட்டார். பிறகு காலையும் மாலையும் பாளை முனையில் காகிதத் தடிப்புக்கு ஒரு சீவல், அவ்வளவுதான். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் வாய் மூடிக்கொள்ளும். பூவுக்கும் காய்க்கும் என்று மரம் அனுப்பும் இனிப்பு அந்த வாயில் சொட்டும். இந்த இனிப்பு எல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டேன். விழுந்து கிடந்த ஒரு கித்துளின் நடுத்தண்டைக் காட்டினார். அதை இடித்துக் கரைத்துத்தான் கித்துள் மா எடுக்கிறார்கள். கித்துள் பல வருஷம் தண்டில் மாவைச் சேர்த்து வைத்து, பிறகு உச்சியில் பூக்கத் தொடங்கி ஒவ்வொரு பாளையாகக் கீழ்நோக்கி விட்டு, சேர்த்ததெல்லாம் கரைந்ததும் செத்துப்போகும். வீட்டுக்கு வந்து மனைவி வாங்கி வைத்திருந்த கித்துள் மாவில் அயடின் ஒரு சொட்டு விட்டேன். தேயிலை வேர்போலவே கறுத்தது. மனைவிக்குக் கோபம், அன்றைக்குக் களி இல்லை.

உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்றால் தண்டு துளைப்பானைப் பற்றியும் நிறைய எழுதலாம், சில வரியில் விடுகிறேன். 1892 இல் நாவலப்பிட்டிப் பக்கம் முதலில் கண்டதாகச் சொல்லும் அந்த வண்டு எங்கள் இடைநாட்டின் சாபம். எள்ளைவிடக் கொஞ்சம் சிறிது, தண்டுக்குள் வளையமாகச் சுரங்கம் வெட்டி, சுவரில் பூஞ்சணம் பயிர் செய்து அதைத் தின்னும். செடி வெளியே பச்சையாக இருக்கும். கவ்வாத்துக்குப் பின் இரண்டாம் வருஷம் நல்ல கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் கொப்பே முறிந்து வரும்.

இலையைப் பார்த்து வயிற்றைச் சொல்லும் கலைக்கு வருகிறேன். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளாகிறதா? மக்னீசியம் குறைவு. செடி பழைய இலையில் இருப்பதைப் பிடுங்கிக் குருத்துக்கு அனுப்புகிறது. தழைச்சத்தும் அப்படித்தான், கீழ் இலைதான் முதலில் வெளுக்கும். மஞ்சள் குருத்தில் தொடங்கினால் இரும்பு மாதிரி ஏதோ ஒன்று. அது ஒரு இலையில் குடியேறினால் இன்னொன்றுக்கு நகராது. குருத்து சிறுத்து, கணுவுக்குக் கணு நெருங்கி, இலை ஒடுங்கி நின்றால் துத்தநாகம். அதை மண்ணில் போட்டுப் பயன் குறைவு, கரைத்து இலையிலேயே தெளிப்போம். எந்தச் சத்து செடிக்குள் திரும்பிப் பயணம் போகும், எது போகாது என்று தெரிந்தவனுக்கு மலை ஒரு திறந்த புத்தகம். தெரியாதவன் எல்லாவற்றுக்கும் யூரியா போடுவான். அப்படிப் போட்ட துரைமாரை நான் நிறையக் கண்டேன், நானும் சில வருஷம் போட்டேன். உரத்தை வேர் தனியாகச் சாப்பிடாது, தண்ணீரில் கரைந்துதான் ஏறும் என்பதைக் காய்ந்த மண்ணில் மூட்டை மூட்டையாய்க் கொட்டியவர்களுக்கு விளக்குவதற்குள் மழை வந்து எல்லாம் கானில் போய்விடும்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நான் அப்போது ஓய்வு பெற்று ஹந்தானை அடிவாரத்தில் இருந்தேன், சின்னத் தோட்டக்காரர்கள் சிலருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று நாலு மாதம் கொழுந்து பெரிதாகக் குறையவில்லை. "பார்த்தீங்களா, உரம் இல்லாமலும் வருதே" என்று ஒருவர் என்னிடம் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அவருடைய செடியின் கீழ் இலைகளைத் திருப்பிக் காட்டினேன், எல்லாம் வெளுத்து உதிரத் தொடங்கியிருந்தன. செடி தன்னையே தின்று குருத்து விட்டுக்கொண்டிருந்தது. பட்டறையில் நிறுக்கும் தராசுக்கு அது தெரியாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உரத்தின் விலை அதற்குள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021 இல் 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டுத் தேயிலை 2022 இல் 25.1 கோடிக்கு வந்தது. டீசல் இல்லாததும் ஒரு காரணம்தான். ஆனால் நான் பார்த்த மலைகளில் செடியின் பட்டினிதான் முதல் காரணம்.

செடி தன்னையே தின்ற பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867 இல் தேயிலை நட்ட 19 ஏக்கரை, 7ஆம் நம்பர் மலையை, இன்றும் பார்வையாளருக்குக் காட்டுகிறார்கள். ஆனால் தேயிலை மலையெல்லாம் பரவியது கோப்பி செத்ததால். 1869 இல் இலைத்துரு நோய் வந்தபோது கோப்பிச் செடி ஒரே நாளில் சாகவில்லை. பேராதனையில் வந்து ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் அந்த நோயின் பூஞ்சணம் எப்படி வாழ்ந்து பரவுகிறது என்று காட்டினார். இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும், நடுவில் காயும் பிடிக்கும். அந்தக் காய் வேரில் இருந்ததையும் உறிஞ்சும். ஒவ்வொரு வருஷமும் செடி எழுந்ததைப் பார்த்துத் துரைமார் நம்பிக்கையோடு இருந்தார்கள். எனக்கு அந்தக் கதையைப் படித்தபோது வேறு எதுவும் தோன்றவில்லை, அவர்களில் ஒருவராவது வேரை வெட்டிப் பார்த்தாரா என்றுதான் தோன்றியது.

போன வருஷம் அம்பிட்டிய பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி வந்தார். முக்கால் ஏக்கர் தேயிலை, கணவர் இல்லை, இரண்டு பிள்ளை. கவ்வாத்து வெட்ட ஆள் பேசியாயிற்று, பார்த்துச் சொல்லுங்க ஐயா என்று ஒரு பையில் வேர்த் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். பென்சில் மொத்தம், சரியாகத்தான் எடுத்திருந்தார். மருந்துக்கடை அயடினைத் தண்ணீரில் கலந்து பீங்கான் தட்டில் ஊற்றினேன். எட்டுத் துண்டு. இரண்டு கறுத்தது. ஆறு அப்படியே கிடந்தது.

"ஆறு கிழமை பறிக்காதீங்க தங்கச்சி. அதுக்குப் பிறகு வெட்டலாம்."

"ஆறு கிழமை பறிக்காட்டி கடைக்கு என்னத்த குடுக்கிறது ஐயா?"

என்னிடம் பதில் இல்லை. முழுக்கச் சும்மா விட முடியாவிட்டால் பாதியை விடுங்கள், மற்றப் பாதியில் லங் கொப்பு விட்டு வெட்டச் சொல்லுங்கள் என்றேன். எந்தக் கொப்பு என்று காட்ட ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். அவர் கறுத்த இரண்டு துண்டையும் தனியாக எடுத்து, இது எந்தச் செடி என்று தனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.